சானமாவு யானைகளும் தொரப்பள்ளி முதியவரும்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் சானமாவு காடு இருக்கிறது. ஆண்டுதோறும் ராகி அறுவடை நெருங்கும் சமயத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இங்கே வந்து தங்கும். சுற்றுவட்டார விவசாயிகளுக்கு அப்போது தூக்கம் போய்விடும். நெடுஞ்சாலை, தொழிற்சாலை, வேலி என்று எத்தனை வந்தாலும் யானைகள் பழைய தடத்தை எளிதில் விடுவதில்லை. கூட்டத்தை நடத்திச் செல்வது வயதில் மூத்த பெண் யானை. தடம் அதன் நினைவில் இருக்கிறது.

அந்த நினைவு உயிரையும் காக்கும். 1993ல் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உள்ள தரங்கிரி தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. ஆய்வாளர்கள் கவனித்து வந்த 81 குட்டிகளில் 16 குட்டிகள் ஒன்பது மாதங்களில் இறந்தன. பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்களில் இழப்பு குறைவு. உள்ளேயே தங்கிய கூட்டத்தில் அதிகம். 1958 முதல் 1961 வரை அங்கே இதே போன்ற வறட்சி வந்திருந்தது. வெளியேறிய கூட்டங்களின் மூத்த யானைகள் அதைச் சிறு வயதில் அனுபவித்திருக்கும், அந்த நினைவுதான் வழி காட்டியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தேவைப்படாத ஒரு நினைவு, ஒரே ஒரு பருவத்தில் தேவைப்பட்டது!

மனிதர்களிலும் இப்படி நடந்ததுண்டா? சானமாவு காட்டுக்கு அருகிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது.

காட்டை ஒட்டிய கிராமங்களில் ஒன்று தொரப்பள்ளி. ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ஊர். தந்தை அந்த ஊரின் முன்சீப். பள்ளிப் படிப்பு ஓசூரில், கல்லூரி பெங்களூரில், வக்கீல் தொழில் சேலத்தில். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதர் வேலையோடு மதுவிலக்குப் பிரசாரமும் செய்தார். அங்கிருந்து 1929ல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. கூலிப் பணம் வீட்டுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடையிலும் சாராயக்கடையிலும் எப்படிக் கரைகிறது என்பதை ராஜாஜி கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தவர்.

1937ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. பிறகு 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அரசுக்குப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி கொண்டுவந்ததும் ராஜாஜிதான்.

34 ஆண்டுகள் ஓடின. 1971ல் முதல்வர் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. அரசு சொன்ன காரணங்களை ஒதுக்கித் தள்ள முடியாது. கஜானாவில் நெருக்கடி. சுற்றியுள்ள மாநிலங்களில் மதுவிலக்கு இல்லை. ஓசூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும், எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி! மதுவிலக்கு இருந்த காலத்திலும் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடவில்லை.

அந்த ஜூலை மாதத்தில் ராஜாஜி முதல்வரின் வீட்டுக்கே போனார். அவருக்கு வயது 92. கருணாநிதிக்கு 47. அன்று மழை கொட்டியது என்று இன்றும் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் ராஜாஜியின் கட்சி காமராஜரின் கட்சியோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றிருந்தது. தோற்றவர், ஜெயித்தவரின் வாசலுக்குப் போய், மதுவிலக்கை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டார். அரசு முடிவை மாற்றவில்லை. அடுத்த மாதமே மதுவிலக்கு தளர்ந்தது.

ஏன் அந்த வயதில் அவரே போக வேண்டும்? சேலம் மாவட்டத்தில் 1937ல் பிறந்த குழந்தைக்கு 1971ல் வயது 34. ஓசூரில் அந்த வயதுக்காரர்கள் பெரியவர்களான பிறகு தங்கள் ஊரில் அரசு அனுமதித்த சாராயக்கடையைப் பார்த்ததில்லை. கடை திறந்திருந்தால் தெரு எப்படி இருக்கும், சம்பள நாள் எப்படி இருக்கும் என்பது வயதானவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்த விஷயம். தலைமுறை மாறும்போது சட்டம் புத்தகத்தில் இருக்கும். அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்ற நினைவு முதியவர்களோடு போய்விடும். ராஜாஜி எடுத்துக்கொண்டு போனது அந்த நினைவைத்தான்.

அடுத்த ஆண்டு, 1972 டிசம்பர் 25 அன்று, அவர் காலமானார். 1974ல் அதே கருணாநிதி அரசு மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மறுபடி திறந்தன. 1983ல் டாஸ்மாக் தொடங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. கடை திறந்ததால் கள்ளச்சாராயமும் ஒழியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

"மூத்தோர் சொல்லும் முதுநெல்லியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்" என்பார்கள். அதற்காகப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. 1953ல் இதே ராஜாஜி, பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954ல் அவர் பதவி விலகினார், திட்டமும் போனது. அது போனதால் படித்து முன்னேறிய குடும்பங்கள் ஏராளம். ஆகவே முதியவர் சொல்லும் தீர்ப்பை அலசித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவர் கண்ணால் கண்ட காட்சிக்கு மாற்று கிடையாது. அதைக் கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் அலசுவதற்கே எதுவும் இருக்காது.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். அவருடைய நினைவுகள் ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சானமாவைச் சுற்றியுள்ள ஊர்களில் 85, 90 வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளின் நினைவுகளை யார் பதிந்தார்கள்? சிப்காட் வருவதற்கு முன் தென்பெண்ணையில் தண்ணீர் எப்படி ஓடியது, யானை எந்த வழியாக வந்தது, பஞ்சத்தில் எதைச் சாப்பிட்டார்கள், சாராயக்கடை இல்லாத ஊர் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று அவர்கள் எந்த மொழியில் சொன்னாலும் எழுதி வைக்கலாம். ஒரு நோட்டும் ஒரு மாலை நேரமும் போதும். அடுத்த வறட்சி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?