தேயிலைத் தோட்டங்களில் ஓட்டிசம் உள்ள சிறாரின் உணவுச் சிக்கல்கள்: நடத்தைவழிச் சிகிச்சை

உணவின் நிறம், மணம், பதம், சூடு ஆகியவற்றில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் உண்ண மறுத்து, நாலைந்து பண்டங்களோடு நின்றுவிடும் போக்கு ஓட்டிசம் உள்ள சிறாரிடம் மிகுதி. 1943இல் ஓட்டிசத்தை விவரித்த லியோ கானரும் உணவு மறுப்பைக் குறிப்பிட்டார். ஏனைய பிள்ளைகளைவிட இவர்களிடம் உணவுச் சிக்கல் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகக் காணப்படுவதாக 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு கண்டது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நாடளவில் சுமார் 17 சதவீதமாகவும் தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதமாகவும் இருந்தனர். ஆகவே தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் ஓட்டிசம் உள்ள சிறாரின் உணவு மறுப்பை வறுமையின் விளைவென்றோ பிடிவாதமென்றோ ஒதுக்கிவிடுவது ஆபத்தானது.

மலச்சிக்கல், பல்வலி, இரைப்பை அமிலம் மேலேறுதல், விழுங்குவதில் தடை ஆகியன இல்லையென மருத்துவர் உறுதிசெய்த பின்னரே நடத்தைவழிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். அடுத்து உணவு வேளைகள் ஒழுங்குபடுத்தப்படும். இங்கு முதலில் கவனிக்க வேண்டியது தேத்தண்ணி. சீனி போட்ட தேத்தண்ணியை இடையிடையே குடிக்கும் பிள்ளைக்குப் பசி எழுவதில்லை என்பதோடு, தேயிலையிலுள்ள சேர்மங்கள் தாவர உணவின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதையும் குறைக்கின்றன.

பழகிய உணவைப் படிப்படியாக மாற்றுவது சிகிச்சையின் முக்கிய உத்தி. கோதுமை மா ரொட்டி மட்டுமே உண்ணும் பிள்ளைக்கு, அதே வடிவிலும் அதே தட்டிலும், மாவில் ஒரு சிட்டிகை குரக்கன் மா கலந்து கொடுத்து, தயக்கமின்றி உண்டபின் அளவு சிறிது கூட்டப்படும். மறுத்தால் முந்திய அளவுக்கே திரும்புவர். முற்றிலும் புதிய உணவாயின் பார்த்தல், தொடுதல், முகர்தல், நாவில் வைத்தல் என்று பழக்கி, ஒவ்வொரு படிக்கும் விருப்பமான பொருளையோ விளையாட்டையோ உடனே அளிப்பர். இது வலுவூட்டல் எனப்படும். ஒரே உணவைப் பத்து, பதினைந்து முறைகூட முன்வைக்க நேரிடலாம். பேசத் தெரிந்த பதின்மவயதினர் எந்த உணவை முயல்வது என்பதைத் தாமே தெரிவுசெய்வது நன்று.

வாயைப் பிடித்து ஊட்டுவது சிகிச்சையன்று. அது மறுப்பை மேலும் இறுக்கும். பிள்ளை மறுத்தாலும் கரண்டியை விலக்காதிருக்கும் முறை ஆய்வுகளில் பயனளித்திருப்பினும், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையின்றி அதை வீட்டில் கையாளவே கூடாது.

தாய் கொழுந்து பறிக்கச் செல்லும் வேளையில் பிள்ளை பாட்டியிடமோ தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலோ இருப்பதால், உணவூட்டும் அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்காவிடில் முன்னேற்றம் நிலைக்காது. எனவே பயிற்சி தாய்க்கு மட்டுமன்றி, பாட்டிக்கும் காப்பக உத்தியோகத்தருக்கும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும்.