நாளைப் போவார் என்னும் திருநாமம்



காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். இம்மூன்றனுள் எதிர்வை மட்டும் நம் அறநூல்கள் ஐயுற்றே நோக்குகின்றன. அறஞ்செய்தலை நாளைக்கென்று தள்ளி வைப்பதைத் திருவள்ளுவர் கடிந்தார். நாலடியாரும் நிலையாமை பேசும் பிற நூல்களும் அவ்வழியே நின்றன. நாளை என ஒரு நாள் நமக்கு உண்டென்பதற்கு உறுதி யாது என்பதே அவற்றின் வினா. இங்ஙனம் நாளையை நம்பாத ஒரு மொழியில், அந்த நாளைக்கே 'திரு' என்னும் அடைமொழி கொடுத்து, அதனை ஓர் அடியார்க்குப் பெயராகவும் வைத்தது சைவ இலக்கியம். அவ்வாறு வைத்ததன் கருத்து யாதென்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களால் ஆயது. அதன் மூன்றாம் பாடலில் திருநாளைப்போவார் இடம்பெறுகின்றார். ஊர் இல்லை, குலம் இல்லை, நந்தன் என்ற பெயரும் இல்லை. நாளைப் போவார் என்பது ஒன்றே உள்ளது. அடியார் பலர் தாம் செய்து முடித்த செயலாற் பெயர் பெற்றவர். கண்ணை இடந்து அப்பினமையின் கண்ணப்பர். தம் கழுத்தில் அரிவாளைப் பூட்டி அரியத் தொடங்கினமையின் அரிவாட்டாயர். இவரோ இனிச் செய்யப்போகும் செயலாற் பெயர் பெற்றார். 'போவார்' என்பதில் உள்ள வகரம் எதிர்கால இடைநிலை என நன்னூல் கற்ற சிறுவரும் அறிவர். சுந்தரர் பாடிய காலத்தில் இவர் தில்லை சென்று திருவடி கலந்து நெடுநாள் ஆயிற்று. ஆயினும் 'போனார்' என்று மாற்றாது, ஊரார் வழங்கியவாறே எதிர்காலத்தில் வைத்து அவரைத் தொழுதார் நம்பியாரூரர். முடிந்த செயலை முடியாததுபோல் நிறுத்திவைக்கும் இவ்வாற்றல் இலக்கியத்திற்கே உரியது.

நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில் ஆதனூரையும், தில்லை மூவாயிரவர் கைகூப்பிய செய்தியையும் சேர்த்துரைத்தார். அதனை விரித்து ஒரு வாழ்க்கையாகக் காட்டியவர் 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான். ஆதனூர்ச் சேரியை அவர் பாடும் பகுதியை அன்பர்கள் பொறுமையோடு படித்தல் வேண்டும். மருத மர நிழலில் சிறு தோலின்மேல் மகவை உறங்க வைக்கும் உழத்தி, மாமரத்தில் தொங்கும் பறைகள், துள்ளும் நாய்க்குட்டிகள் என்று சோழப் பேரரசின் அமைச்சர் ஒருவர் இவற்றையெல்லாம் அருவருப்பின்றி, அருகிருந்து கண்டவர்போற் பாடியுள்ளார். நந்தனார்க்கு உணவுரிமையாக இருந்தது ஊரார் விட்ட பறைத்துடவை. கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். அவர் கொடுத்த தோல் கோயிலுள் ஒலித்தது; கொடுத்த கை வெளியே நின்றது.

திருப்புன்கூருக்கு அவர் செல்லும்போது நாளை என்ற பேச்சே இல்லை. நினைத்தார், சென்றார், வாயிலில் நின்றார். நேரே கண்டு கும்பிட வேண்டும் என்னும் அவர் விருப்பறிந்து இறைவன் இடபத்தை விலகச் செய்தான். தில்லையை நினைத்த பின்னரே நாளை பிறக்கின்றது. இரவெல்லாம் துயிலின்றி ஆசை பெருகும். பொழுது புலர்ந்தால், அங்குச் சென்று புகுதல் தம் பிறப்புக்கு இசையாது என்னும் எண்ணம் எழுந்து தடுக்கும். மீண்டும் ஆசை, மீண்டும் நாளைப் போவேன் என்னும் சொல். சேக்கிழார் நூலில் நந்தனாரைப் போகாதே என்று தடுத்தவர் ஒருவரும் இல்லை என்பதை ஊன்றி நோக்குக. உலகத்தார் கட்டிய வேலி அவர் உள்ளத்திற்குள்ளேயே நின்றது. காவலன் ஒருவன் தடுத்திருப்பின் அவனிடம் வழக்குரைத்திருக்கலாம். இந்த வேலியிடம் உரைப்பது எங்ஙனம்?

இவ்விடத்தில் சொற்பொழிவாளர் சிலர் செய்யும் ஒரு செயலைச் சுட்டாது விடல் இயலவில்லை. சோம்பரைக் கடிவதற்கு நாளைப்போவார் பெயரை எடுத்து, அவையைச் சிரிக்க வைக்கின்றனர். போகக்கூடியவன் நாளை என்பது மடி. போகலாகாது என்று ஒதுக்கப்பட்டவன் நாளை என்பதோ, தன் ஆசையை இறக்க விடாது காத்து வைத்தல். முன்னதைத்தான் வள்ளுவர் கடிந்தார். பின்னதைத்தான் சுந்தரர் 'திரு' என்றார். இரண்டையும் ஒன்றாக்கிச் சிரிப்பது அடியாரை அறியாமையே ஆகும்.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றியபோது கதை பெரிதும் மாறியது. நந்தனார் பண்ணையாள் ஆனார். அவர்க்கு ஆண்டையாக ஒரு வேதியர் வந்தார். தில்லை செல்ல விடை வேண்டியவரிடம், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு பருவத்தின் உழைப்பு இறைவன் அருளால் ஓரிரவில் நிறைவேறுகின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினார் என்றும், பின்னர்ப் பாரதியாரின் பத்தியையும் இசையையும் உணர்ந்து நெகிழ்ந்து அளித்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். சேக்கிழார் சொல்லாததைச் சொன்ன குறை பாரதியார்க்கு உண்டு. அதனை யாமும் மறுக்கிலம். ஆயினும் தஞ்சை வயல்களில் பண்ணையாளின் நாள் அவனுக்கு உரியதன்று என்னும் உண்மையை அக்குறையே வெளியிட்டது. சேக்கிழாரின் நாளை அடியார் நெஞ்சில் இருந்தது. பாரதியாரின் நாளை ஆண்டையின் கையில் இருந்தது. அந்நாளை 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் குரலிலும், 1942-இல் 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் குரலிலும் நாடு முழுதும் கேட்டது.

தில்லைக்குச் சென்ற நந்தனார் எல்லையிலேயே நின்றார். வேள்விப் புகை கண்டு அஞ்சி, ஊரை இரவும் பகலும் வலம் வந்து அயர்ந்தார். கனவில் இறைவன் ஆணையிட, தில்லைவாழ் அந்தணர் தெற்கு மதிற்புறத்தே தீ அமைத்தனர். அதனுள் மூழ்கி, முனிவர் வடிவோடு எழுந்து, உட்சென்று, ஆடும் பெருமான் திருமுன் மறைந்தார். அடியார் பெருமைக்கு எல்லை இதுவே என்று யாம் நம்புகின்றோம். இதனைக் கொடுமை என்பாரும் உளர். அவர் கூற்றில் சைவர் செவிசாய்க்க வேண்டுவது ஒன்று உண்டு. அன்று மாறியது அடியாரின் வடிவம், வாயில் மாறவில்லை. அவர் பின்னே அவர் உறவினர் ஒருவரும் உட்புகுந்ததாகப் புராணம் கூறவில்லை. அவர்களுக்கு அந்த நாளை நாளையாகவே நின்றது.

1916-இல் சகஜானந்த அடிகள் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவி, ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகட்குக் கல்வி தந்தார். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோயில்களை அனைவர்க்கும் திறந்து ஆணையிட்டார். 1939 சூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் வைத்தியநாத ஐயர் ஒதுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். சேக்கிழார் காலத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள்! இதற்கிடையில் ஆதனூரை ஒத்த சேரிகளில் எத்தனை பேர் நாளை என்று சொல்லியே கண் மூடினர் என்பதை எழுதிவைத்த ஏடு ஒன்றும் இல்லை. அவர் அனைவர்க்கும் சேர்த்து ஒரு பெயரைத் தொகையில் வைத்துள்ளது திருமுறை.

இவர் குருபூசை நாள் புரட்டாசி உரோகிணி. அறுபத்துமூவர் வரிசையில் இவர் திருவுருவம் கைகூப்பிய நிலையில் நிற்கும். அன்று அதன்முன் ஓதுவார் திருத்தொண்டத்தொகையை விண்ணப்பிக்கும்போது மூன்றாம் பாடலைச் செவிகொடுத்துக் கேளுங்கள். போவார் என்றே இன்றும் ஓதுகின்றனர்.