கரும்புச் சக்கைத் தெருவின் பாட்டுக்காரர்

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கே போனால், லிட்டில் இந்தியாவைத் தாண்டியதும் இடப்பக்கம் பாலஸ்டியர் சாலை பிரிகிறது. சிங்கப்பூரின் முதல் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த ஜோசப் பாலஸ்டியர் 1830களில் அங்கே கரும்புத் தோட்டம் போட்டார். தோட்டம் நிலைக்கவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சாலையிலிருந்து கிளைக்கும் ஒரு சிறு தெருவுக்கு ஜாலான் அம்பாஸ் என்று பெயர். அம்பாஸ் என்றால் மலாயில் சக்கை. போருக்குப் பின் 1947 முதல் 1967 வரை ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் இந்தத் தெருவில் 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்களை எடுத்தது. பாடகர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர் என்று மலாய் உலகம் இன்றும் கொண்டாடும் பி. ராம்லி தம் 19ஆவது வயதில் இங்கு வந்தார். 35ஆவது வயதில் இங்கிருந்து போனார். 44ஆவது வயதில், 1973 மே 29 அன்று, கோலாலம்பூரில் மாரடைப்பால் இறந்தார். இந்த மூன்று வயதுகளுக்கும் நடுவே நடந்ததை ஒரு மேதையின் சோகக் கதையாகவே இதுவரை சொல்லி வந்திருக்கிறோம். நான் அதை ஒரு தொழிலின் வரலாறாகப் பார்க்கிறேன்.

சோகக் கதை நமக்குப் பழக்கமானது. தியாகராஜ பாகவதர் சிறைக்குப் போய்த் திரும்பி, பழைய புகழ் திரும்பாமல் 1959இல் 49 வயதில் மறைந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உச்சத்துக்குப் போனவன் விழத்தான் வேண்டும், ரசிகர்கள் மறக்கத்தான் செய்வார்கள் என்ற அச்சு நம் மனத்தில் ஆயத்தமாக இருக்கிறது. ராம்லியையும் அதில் வார்த்துவிடுவது எளிது. மூன்று திருமணங்கள், கடைசிக் காலப் பணமுடை, ஓடாத படங்கள், இறந்த பிறகு வந்த பட்டம் என எல்லாம் அதற்குப் பொருந்தி வருகின்றன. பொருந்துவதால்தான் அந்த அச்சின்மீது எனக்குச் சந்தேகம். விதி என்று சொல்லிவிட்டால், அவருக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், அவர் பாட்டை யார் வைத்துக்கொண்டார்கள், அவரைச் சுற்றியிருந்த வாத்தியக்காரர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

முதலில் அவர் எப்படி உருவானார் என்று பார்ப்போம். 1929 மார்ச் 22இல் பினாங்கில் பிறந்தார். தந்தை அச்சேயிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. ஜப்பானியக் கடற்படையின் பள்ளியில் சேர்ந்தார். ஜப்பானிய மொழியும் ஜப்பானியப் பாட்டும் அங்கே காதில் ஏறின. பின்னால் அவருக்குப் பெரிய விருதுகள் இரண்டைத் தந்த நகரம் தோக்கியோ என்பதை நினைத்தால் இது விசித்திரமான தொடர்ச்சிதான். போர் முடிந்த பிறகு 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேடையில், தாமே இயற்றிய ‘அசீசா’ பாடலை அவர் பாடுவதை இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். அந்த ஆகஸ்ட் மாதமே ராம்லி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பின்னணிப் பாடகர் வேலை. முதல் படமான ‘சிந்தா’வில் கதாநாயகன் ரூமாய் நூருக்குக் குரல் கொடுத்துவிட்டு, தாம் வில்லனாக நடித்தார்.

குரல் இன்னொருவர் உதட்டுக்குப் போவதை நிறுத்தி, பாடுபவனே நாயகனாகத் தோன்றட்டும் என்று முடிவெடுத்தவர் ஒரு தமிழர். மதராஸில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, போருக்குப் பின் மதராஸ் படக்கூடங்களில் தொழில் கற்றுத் திரும்பிய எல். கிருஷ்ணன். 1950இல் வந்த ‘பக்தி’ அவருக்கு இயக்குநராக முதல் படம், ராம்லிக்கு நாயகனாக முதல் படம். ஒல்லி உடம்பும் பருத் தழும்பு முகமும் கொண்ட இளைஞனை நாயகனாக்க அந்தக் காலத்துப் படக்கூடத்தில் துணிச்சல் வேண்டும். கிருஷ்ணன் மட்டுமில்லை; எஸ். ராமநாதன், தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்த பி.என். ராவ், வங்காளத்தின் பணி மஜும்தார் என்று ஜாலான் அம்பாஸின் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். கதைக்கு நடுவே பாட்டை எங்கே வைப்பது, பாட்டிலிருந்து அழுகைக்கு எப்படி நகர்வது என்ற நம் ஊர்ப் படக் கணக்கு அவர்களோடு கப்பலேறி வந்தது. நடிகர்கள் பங்சாவான் நாடக மேடையிலிருந்து வந்தார்கள். வாத்தியக்காரர்கள் கேபரேக்களிலும் பேண்டுகளிலும் வாசித்தவர்கள். கெரொஞ்சோங், அஸ்லி, இந்திப் பாட்டு, சம்பா, மாம்போ எல்லாம் ஒரே கூரைக்குள் ஒலித்தன. ராம்லியின் மெட்டுகள் இந்தக் கலவையிலிருந்து வந்தவை. காசிம் மஸ்டோர் போன்ற உதவியாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள்; அவர் முணுமுணுத்த மெட்டு தாளில் ஏறி, வாத்தியங்களுக்குப் பிரிந்து, பாடலாகப் படச்சுருளுக்குப் போக அங்கே ஆளும் அறையும் இருந்தன. எஸ். சுதர்மாஜி வரி எழுதி 1960இல் ‘அந்தாரா துவா டர்ஜாட்’ படத்தில் வந்த ‘கெதாரான் ஜீவா’வை இன்றும் மலாய்க் கல்யாண வீடுகளில் பாடுகிறார்கள். அந்த மெட்டு ராம்லியுடையது. அதைப் பாட்டாக்கியதில் அந்தக் கூரைக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதே கூரையின் கீழ் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். ஷா நிறுவனத்திடம் படக்கூடமும் இருந்தது, திரையரங்குகளும் இருந்தன. லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், மெக்கன்சி சாலையில் 1946இல் திறந்த ரெக்ஸ் அவர்களுடையது. நம்மில் பலருக்குப் பிற்காலத்தில் தமிழ்ப்படம் பார்த்த இடமாகத்தான் அதைத் தெரியும். எடுப்பவரும் காட்டுபவரும் ஒருவராக இருந்ததால் படம் ஓடி வந்த பணம் எங்கும் சிந்தாமல் ஒரே இடத்துக்குப் போனது. நடிகர்களுக்கு அருகிலேயே பூன் டெக் சாலையில் வீடுகள்கூட கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பு உண்டு, பங்கு கிடையாது. 1957இல் இந்த ஏற்பாடு வெடித்தது. நிறுவனம் சிலரை வேலையிலிருந்து நீக்க, பெர்சாமா என்ற கலைஞர் சங்கம் மார்ச் மாதத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சங்கத்தின் முன்னணியில் ராம்லி நின்றார். அதே ஆண்டு, தந்தையும் மகனுமாக இரட்டை வேடத்தில் நடித்த ‘அனக்கு சசாலி’க்காக தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். ஆசியாவின் சிறந்த நடிகர் என்று அழைக்கப்பட்டவர், தாம் வேலை பார்த்த இடத்தில் சக தொழிலாளியின் வேலைக்காக நின்றவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவர் வாழ்க்கையை எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

தம் தொழிலைச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதும் அவருக்குத் தெரியும். 1962இல் அவர் இயக்கி நடித்த ‘இபு மெர்துவாக்கு’வில் சாக்சபோன் வாசிக்கும் காசிம் செலாமாட்டை ஒரு பணக்காரப் பெண் காதலிக்கிறாள். அவள் தாய் வரப்போகும் மருமகனின் தொழிலைக் கேட்கிறாள். பாட்டுக்காரன் என்று தெரிந்ததும் அருவருப்போடு முகம் திருப்புகிறாள். நம் வீடுகளில் கூத்தாடி என்ற சொல்லை உச்சரிக்கும் அதே தொனி. மகளை வெறுங்கையோடு விரட்டிவிட்டு, பிறகு அவள் இறந்துவிட்டதாகப் பொய் சொல்லி மருமகனை நம்ப வைக்கிறாள். அழுதழுது அவன் பார்வை போகிறது. குருடனான பிறகுதான் வாத்தியத்தை மறுபடி எடுத்துப் புகழ் பெறுகிறான். சிகிச்சையில் கண் திரும்பியதும், சிகிச்சை செய்த டாக்டரே தன் மனைவியை மணந்திருப்பதை அறிந்து, இரண்டு முள்கரண்டிகளால் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். மிகை என்று சிலர் சொல்லலாம். ஆனால் பாடுகிறவனின் கலையை வாங்கிக்கொண்டு அவனை வாசலில் நிறுத்தும் ஊரின்மேல் இவ்வளவு கோபத்தை வேறெந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. மறுஆண்டு தோக்கியோவில் நடந்த விழா அவரைப் பல்திறக் கலைஞர் என்று கௌரவித்தது.

1964இல் ராம்லி கோலாலம்பூருக்கு, உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படக்கூடத்துக்குப் போனார். அங்கே எடுத்த 18 படங்களில் எதுவும் ஜாலான் அம்பாஸ் படங்களின் உயரத்தை எட்டவில்லை என்பதே பொதுவான கருத்து. நல்ல எதிர்வாதம் ஒன்றை இங்கே எதிர்கொள்ள வேண்டும்: மெர்டேக்காவும் ஷாவின் கைக்கு வந்துவிட்டதே, முதலாளி அதே, கலைஞன் அதே, பிறகு சரிவுக்கு அவரைத் தவிர யார் காரணம்? முதலாளி மாறாவிட்டாலும் பட்டறை மாறியது என்பதே பதில். கூடவே வாசித்தவர்கள், ‘பூஜாங் லாப்போக்’ படங்களில் இணைந்து சிரிக்க வைத்த அசீஸ் சத்தார், எஸ். ஷம்சுதீன் ஆகியோர் சிங்கப்பூரிலேயே இருந்தார்கள். புதிய இடத்தில் கருவிகளும் குறைவு, ஆட்களும் குறைவு. 1963இல் மலேசியாவுக்கு எதிராக இந்தோனேசியாவின் மோதல் கொள்கை தொடங்கியதும், மலாய்ப் படங்களின் பெரிய சந்தை ஒன்று மூடிக்கொண்டது. அதே ஆண்டு சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகு, நேற்றுவரை ஒரே ஊராக இருந்த இடத்துக்கு நடுவே நாட்டு எல்லை நின்றது. ஜாலான் அம்பாஸ்கூடப் பிழைக்கவில்லை. ராம்லி போன மூன்றாம் ஆண்டில் மூடப்பட்டது. ஒருவரின் திறமை மங்கியதுதான் காரணமென்றால், அவர் இல்லாத படக்கூடம் ஏன் மூட வேண்டும்?

ரசனை மாறிவிட்டது, பீட்டில்ஸ் அலையில் ‘பாப் யே யே’ இளைஞர்களை இழுத்துக்கொண்டது, ராம்லி பழையவராகிவிட்டார் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை. 1971இல் கோலாலம்பூரில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில் மரபிசையின் தரத்தை உயர்த்துவது பற்றி அவர் கட்டுரை வாசித்தார். புதுமோகத்தைப் பற்றிய கவலை அவருக்கு இருந்தது. ஆனால் புதிய தாளம் அவருக்குக் கைவராது என்று சொல்ல முடியாது. 1964இல் ‘தீகா அப்துல்’ படத்தில் வரும் ‘புஞி கித்தார்’ துள்ளும் டுவிஸ்ட் பாட்டு. ஆட வந்த இளைஞர்களை அவர் விரட்டவில்லை, அவர்களுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு இல்லாமல் போனது, அந்த மெட்டை அடுத்த வாரமே பதிவு செய்யத் தயாராக இருந்த குழு.

சொந்த வாழ்க்கையை வைத்துச் சொல்லும் குற்றச்சாட்டை நான் ஒதுக்கிவிடவில்லை. ஜுனைதாவுடனும் நோரிசானுடனும் இருந்த மணவாழ்க்கைகள் முறிந்தன. சிங்கப்பூரில் பிறந்து, தம் குரலால் அவருக்கு நிகராக நின்ற சலோமாவை 1961இல் மணந்தார். வந்த பணத்தைப் பிடித்துவைக்கும் பழக்கம் அவருக்கில்லை என்றும் சொல்வார்கள். இருக்கட்டும். சிக்கனமாக இருந்திருந்தால் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருக்கலாம், பாட்டின் வருமானம் அப்போதும் வந்திருக்காது. சிங்கப்பூரில் பாடல் படைப்பாளிகளின் உரிமைத் தொகையை வசூலிக்கும் காம்பாஸ் அமைப்பு உருவானது 1987இல். மலேசியாவில் அதே வேலைக்கு எம்ஏசிபி வந்தது 1989இல். இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை உண்டாக்கியவர் அதற்குள் இறந்து பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. இதற்கு மறுபக்கமாக ஜுபிர் சயிதைப் பார்க்கலாம். அவரும் ஷாவில் வேலை செய்தவர், கேத்தே கிரிஸ் படக்கூடத்தில் படங்களுக்கு இசையமைத்தவர். 1958இல் நகர மன்றம் கேட்டு அவர் எழுதிய ‘மஜுலா சிங்கப்பூரா’ பின்னர் தேசிய கீதமாயிற்று. படக்கூடங்கள் மூடிய பிறகும் அவர் பெயருக்கு அரசும் பள்ளிக்கூடமும் இடம் கொடுத்தன. ராம்லிக்கு அப்படி ஒரு கூரை எந்தப் பக்கத்திலும் கிடைக்கவில்லை: சிங்கப்பூருக்கு அவர் போய்விட்டவர், கோலாலம்பூருக்கு அவர் சிங்கப்பூரில் மின்னிய காலத்தவர்.

தமிழ் வாசகருக்கு இதில் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு. மலாய்ப் படத்தை மலாய்க்காரர்கள் இயக்க வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை 1950களின் நடுவில் வலுத்தபோது, ‘பெனாரிக் பெச்சா’வை 1955இல் இயக்கிய ராம்லிதான் அதன் மிகச் சிறந்த சான்றாக நின்றார், இந்திய இயக்குநர்கள் மெல்ல விலகினார்கள். கற்றுக்கொடுத்தவரின் இடத்தில் கற்றவர் அமர்வதில் எனக்குக் குறையில்லை. கற்றதை அவர் மறக்கவும் இல்லை. 1968இல் மெர்டேக்காவில் எடுத்த ‘கெரிமிஸ்’ ஒரு மலாய் ஓவியனும் லீலா என்ற இந்திய நடனப் பெண்ணும் மணந்துகொண்டு இரு குடும்பங்களாலும் ஒதுக்கப்படும் கதை. கோலாலம்பூரில் 1969 மே இனக்கலவரத்துக்கு ஓராண்டு முன்பு இப்படி ஒரு படத்தை எடுக்க, ஜாலான் அம்பாஸில் எல்லா மொழியும் கேட்டுப் பழகிய ஒருவரால்தான் முடியும்.

அவருடைய கடைசிப் படம் 1972இல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’. பினாங்கில் அவர் பிறந்த வீடும் செதாப்பாக்கில் கடைசியாக வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாகிவிட்டன. 1982இல் கோலாலம்பூர்ச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர் வந்தது, 1990இல் டான் ஸ்ரீ பட்டம் வந்தது. பாட்டுகள் பிறந்த தெரு பழைய பெயரோடு பாலஸ்டியரில் இருக்கிறது. இறப்பதற்குமுன் அவர் கடைசியாக மெட்டமைத்த ‘ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்’, அதாவது ‘கோலாலம்பூரில் கண்ணீர்’, அவர் குரலில் பதிவாகவில்லை. சிங்கப்பூர்க்காரி சலோமாதான் அதைப் பாடினார்.