நெய்து அனுப்பிய நிரல்

1971 ஜனவரி 31 அன்று அப்போலோ 14 கிளம்பியது. அதன் நிலாக்கலமான அன்டாரஸின் கணினியில் ஆறு சிறு பெட்டிகள் இருந்தன. நிலாவில் இறங்குவதற்கான நிரல் முழுவதும் அவற்றுக்குள் கம்பியாக நெய்யப்பட்டிருந்தது.

அந்த நிரலுக்குப் பிறந்த வீடு, மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த எம்.ஐ.டி. கருவியியல் ஆய்வகம். கணினி என்றாலே ஒரு அறையை அடைத்துக்கொள்ளும் காலத்தில், 1961-ல், நாசா அவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது. கடைசியில் அவர்கள் செய்த கணினியின் எடை 32 கிலோ. 55 வாட் மின்சாரம் போதும். மின்சாரம் போனாலும் அழியாத, ராக்கெட்டின் உலுக்கலுக்கு அசையாத நினைவகம் அதற்குத் தேவைப்பட்டது. கம்பிகளை நெய்து செய்யும் கயிற்று நினைவகம் வந்தது அப்படித்தான்.

எழுதி முடித்த நிரல் துளைநாடாவாகி, வால்தம் நகரில் இருந்த ரேதியான் தொழிற்சாலைக்குப் போகும். இயந்திரம் நாடாவைப் படித்து, ஊசி நுழைய வேண்டிய காந்த வளையத்தை நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். அங்கே வேலை பார்த்த பெண்கள் கம்பி கோத்த ஊசியை அதன் வழியே செலுத்துவார்கள். கம்பி வளையத்துக்குள் புகுந்தால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. பெட்டிக்கு 512 வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் 192 கம்பிகள். வாரக்கணக்கில் நெய்து முடித்ததும் பிசின் ஊற்றி இறுக்கிவிடுவார்கள். அதன்பின் ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது. ஆறு பெட்டிகளிலும் சேர்த்து 36,864 சொற்கள், ஒவ்வொன்றும் 16 பிட். பயணத்தில் எழுதி அழிக்கத் தனியாகக் கொடுத்திருந்த இடம் 2,048 சொற்கள்தான்.

அந்தச் சின்ன இடம்தான் பிப்ரவரி 5 அன்று கைகொடுத்தது. விண்வெளி வீரர்கள் ஷெப்பர்டும் மிட்செலும் இறங்கச் சில மணி நேரமே இருந்தபோது, இறக்கத்தைக் கைவிடும் பொத்தானை யாரும் தொடாமலே, அது அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சைகை போனது. பலகையைத் தட்டினால் மறைந்தது; மறுபடி வந்தது. பொத்தானுக்குள் உலோகத் துணுக்கு ஏதோ மிதக்கிறது என்று ஊகித்தார்கள். இறங்கும்போது அந்தச் சைகை வந்தால், கணினி அதை நம்பிக் கலத்தை மேலே கிளப்பிவிடும். கயிற்றைத் திருத்தவோ வழியில்லை.

இறங்கும் நிரலை எழுதியவர்களில் ஒருவரான டான் ஐல்ஸ் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து யோசித்தார். கைவிடும் நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கணினி அந்தப் பொத்தானைக் கவனிக்காது. எந்த நிரல் ஓடுகிறது என்ற எண் இருப்பதோ, மாற்றக்கூடிய நினைவகத்தில். அங்கே கைவிடும் நிரலின் எண்ணான 71-ஐ எழுதினால், கைவிடும் நிரல் ஓடுவதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். பூமியிலிருந்து வாசித்த எண்களை மிட்செல் விசைப்பலகையில் தட்டினார். அன்டாரஸ் ஃபிரா மௌரோ மேட்டு நிலத்தில் இறங்கியது.

மாற்ற முடியாத நினைவகத்தை வடிவமைத்தவர்கள், ஓட்டத்தின் நிலையை மாற்றக்கூடிய பக்கத்தில் வைத்தார்கள். அதை விண்வெளி வீரரின் விரலுக்கு எட்டவும் வைத்தார்கள். வளையாத கயிறு பிழைத்தது அந்த ஏற்பாட்டால்தான்.

அந்தக் கயிறு ஊர் திரும்பவில்லை. வீரர்கள் தாய்க்கலத்துக்கு மாறிய பிறகு, அன்டாரஸின் மேல்பகுதியை வேண்டுமென்றே நிலாவில் மோதவிட்டார்கள். அந்த அதிர்வை, அப்போலோ 12-ம் 14-ம் நிலாவில் விட்டுவந்த நிலநடுக்கக் கருவிகள் பதிவு செய்தன.