குட்டி ஜப்பானின் கறுப்பு மை

காற்றில் ஒரு கை மிதக்கிறது. இரும்புக் கை. அதற்குப் பின்னால் தோள் இல்லை, உடம்பு இல்லை, முகமும் இல்லை. எதையோ பற்றப் போவதுபோல் விரல்கள் மட்டும் மடங்கியிருக்கின்றன. எதிரே நிற்பவன் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி மசி இருட்டு. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் கடையில் தொங்கிய ஒரு சிறு புத்தகத்தை வாங்கிப் பிரித்தபோது அவர்களை எதிர்கொண்ட உலகம் இது. பெயர் 'இரும்புக்கை மாயாவி'. வந்த ஊர் சிவகாசி.

சிவகாசியிலிருந்து வந்த படங்கள் அந்தச் சிறுவர்களுக்குப் புதியவை அல்ல. அடுப்படியில் கிடந்த தீப்பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் அங்கே அச்சானதுதான். தீபாவளிக்கு வாங்கிய லட்சுமி வெடிக் கட்டும், சுவரில் மாட்டிய முருகன் காலண்டரும் அப்படியே. ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் பளபளப்பானவை. சிவப்பும் மஞ்சளும் கிளிப்பச்சையும் போட்டிபோடும் படங்கள். அதே ஊரிலிருந்து வண்ணமே இல்லாத, இருட்டு அப்பிய ஒரு புத்தகம் வந்தது எப்படி என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

அந்த வரலாறு தீக்குச்சியில் தொடங்குகிறது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலை அங்கே கற்றுக்கொண்டு மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த கரிசல் பூமி அது. வெயிலை நம்பிக் காய வைக்கும் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வானம் பார்த்த விவசாயத்தில் வயிறு நிறையாத குடும்பங்கள் தீப்பெட்டி ஆபீசுகளுக்குள் வந்தன.

தீப்பெட்டிக்கு உள்ளே இருக்கும் குச்சி எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதான். ஒரு பெட்டியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது லேபிள் மட்டுமே. எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குவார். அதனால் படம் அடிப்பது தீப்பெட்டியின் கூடப் பிறந்த தொழிலாயிற்று. முதலில் கல் அச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரை ஏற்கும், வரைந்த இடம் மையை ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். நிறம் இம்மியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வேண்டும். கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது, பின்னர் ஆஃப்செட் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்று உள்ளூர்ப் பட்டாசுத் தொழில் வேகம் பிடித்தபோது, அச்சகங்களுக்கு இன்னொரு பெரிய வாடிக்கை கிடைத்தது.

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்றும் ஒரே ஊரில் ஓயாமல் நடந்ததால் சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் வந்தது. நேரு சூட்டிய பெயர் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். படங்களைப் பொறுத்தவரை அந்தப் பெயருக்கு வேறொரு பொருத்தமும் இருக்கிறது. சிவகாசியில் குச்சி உரசுவதற்கு முன்பு இந்தியச் சந்தையில் விற்ற தீப்பெட்டிகளில் பெரும்பங்கு சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. ஜப்பானியர்கள் இந்திய வாடிக்கையாளருக்காகவே கிருஷ்ணனையும் லட்சுமியையும் லேபிளில் அச்சிட்டு அனுப்பினார்கள். பல நூற்றாண்டாக மரக்கட்டையில் வண்ணப்படம் செதுக்கிப் பழகிய தேசம் நம் சாமிகளைத் தன் கோட்டில் வரைந்து பார்த்தது. அந்த லேபிள்கள் பிடித்திருந்த இடத்தைத்தான் பின்னர் சிவகாசி கைப்பற்றியது.

லேபிளுக்கு அடுத்தது காலண்டர். அதற்குப் படம் வரைந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கோவில்பட்டி சி.கொண்டையா ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் வழியாக நாடு முழுக்கச் சுவரேறினார்கள். அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். சாமி முகத்தில் இருள் விழாது. முகம் நேராகப் பார்க்கும், கண் முழுதாகத் திறந்திருக்கும், வெளிச்சம் எங்கும் பரவியிருக்கும். சட்டம் போட்டுப் பூ வைத்துக் கும்பிடப் போகிற படம் அது. கும்பிடுகிறவரைச் சாமி பார்க்க வேண்டும், பாதி முகத்தை நிழலில் மறைத்தால் வேலைக்கு ஆகாது.

அரை நூற்றாண்டாக நிழலைத் துரத்திய ஊர், பிறகு நிழலை விலை கொடுத்து வாங்கியது.

வாங்கியவர் மு.சௌந்திரபாண்டியன். காலண்டர், படத் தொழிலில் ஊறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் வெளியிட்ட படக்கதைகளின் உரிமையைப் பெற்று 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். தொடக்க காலத்தில் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். 1967இல் ஃப்ளீட்வே கையடக்க அளவில் ஒரு நூல்வரிசை வெளியிட்டது. அதில் மின்னிய நாயகர்கள்தான் சில ஆண்டுகளில் தமிழ் பேசத் தொடங்கினார்கள். இரும்புக்கை மாயாவியும் உளவாளி ஜானி நீரோவும் அந்த வரிசையில் வந்தவர்கள். லாரன்ஸ், டேவிட் ஜோடியும் அப்படித்தான். அமெரிக்கப் பக்கத்திலிருந்து வேதாளரும் மாண்ட்ரேக்கும் ரிப் கெர்பியும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. சிவகாசி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகராகக்கூட இல்லாத ஒரு ஊர் லண்டன் படக்கதையைத் தமிழில் கொண்டுவந்து ஊர் ஊராக அனுப்பியது.

நாயகர்கள் பலர் இருந்தும் முதல் பார்வையிலேயே பிடித்து உலுக்கியவன் மாயாவிதான். ஆங்கிலத்தில் அந்தத் தொடர் 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' வார இதழின் முதல் இதழிலேயே தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. சாக வேண்டியவன் சாகவில்லை, மறைந்துபோகிறான். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. மின்சாரம் தீரும்வரை அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும்.

இன்றைக்குக் கேட்டால் இன்னொரு சூப்பர் ஹீரோ கதைபோலத் தோன்றும். பக்கத்தைப் பிரித்தால் அப்படித் தோன்றாது. பிளாஸ்கோவின் தூரிகை அமெரிக்க காமிக்ஸின் முறுக்கேறிய தசைகளை வரையவில்லை. அவருடைய மனிதர்களின் கோட்டில் கசங்கல் தெரியும், கன்னம் ஒட்டியிருக்கும். வெளிச்சம் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். விளக்குக் கம்பம், கார் விளக்கு, வெல்டிங் பொறி என்று ஏதாவது ஒன்று எரிய, மீதி இடமெல்லாம் கறுப்பு மை தேங்கி நிற்கும். அந்த இருட்டுக்குள் ஓர் உடம்பு இருக்கிறது, ஆனால் நமக்குத் தெரியாது. வெறும் கட்டத்தைக்கூடப் பயத்தோடு பார்க்க வைத்தது அந்த வரைகலை. மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் மை ஊறி விளிம்புகள் மங்கியது அதை இன்னும் கூட்டியது.

நாயகனும் நல்லவனாகத் தொடங்கவில்லை. மறையும் சக்தி கிடைத்ததும் கிராண்டேல் குற்றத்தில் இறங்குகிறான். திருந்தி 'நிழற்படை'யின் உளவாளி ஆவதெல்லாம் பிறகு. எம்.ஜி.ஆர். படங்களில் முதல் காட்சியிலேயே நல்லவன் யார் என்று தெரிந்துவிடும் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது குழப்பமான, அதனாலேயே விடாமல் பிடித்திழுத்த அறிமுகம்.

பெயர் வைத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆங்கிலப் பெயருக்கு 'எஃகு நகம்' என்பதுதான் பொருள். தமிழில் அது 'மாயாவி' ஆனது. விக்கிரமாதித்தன் கதையும் அம்புலிமாமாவும் படித்த பிள்ளைக்கு மாயாவி என்றால் யார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒருவன் பாட்டி கதையின் குடும்பத்தில் சேர்ந்துவிட்டான். கரண்டைத் தொட்டால் உயிர் போகும் என்ற எச்சரிக்கை, புதிதாக மின்கம்பம் நட்ட கிராமங்களில் தினம் கேட்ட பேச்சு. அந்தக் கரண்டைத் தொட்டு உயிர் பெறுகிற ஒருவனைப் பற்றிப் படிப்பது வெறும் கற்பனைச் சுகமாக மட்டும் இருந்திருக்காது.

சிவகாசிப் பக்கத்தில் அந்த இரும்புக் கைக்கு இன்னொரு கனம் உண்டு. விபத்தில் கை போனவன் என்பது சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் கதையில் மட்டும் வருகிற ஆள் அல்ல. பட்டாசுக்குள் அடைக்கும் கலவைக்கு அங்கே 'மருந்து' என்று பெயர். மருந்து இடிக்கிற, அடைக்கிற அறைகளில் எத்தனையோ பேர் விரலையும் கையையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காமிக்ஸ் படிக்கிற வயதில் இருந்த பிள்ளைகளில் பலர், முத்து காமிக்ஸின் ஆரம்ப ஆண்டுகளில், அதே ஊரின் தீப்பெட்டி ஆபீசுகளில் குச்சி அடுக்கிக்கொண்டும் லேபிள் ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் கைக்கு இரும்பில் மாற்று வரவில்லை. இதைச் சேர்க்காமல் சிவகாசிப் படங்களின் வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.

1984இல் அடுத்த தலைமுறை வந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் பதின்ம வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழில் மாடஸ்டி பிளைஸி. ஆனால் பிள்ளைகளை அடித்துச் சாய்த்தவன் ஸ்பைடர். கூர்ந்த காது, ஒட்டிய கன்னம், வலை வீசும் கருவி. அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் உறவே கிடையாது. ரெஜ் பன் என்ற ஆங்கில ஓவியர் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளால் அவன் முகத்தை இழைத்தார். பின்னாளில் அவனுக்குக் கதை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவதே ஸ்பைடரின் முதல் ஆசை. அதே பத்தாண்டில் பேய்க் கதைகளுக்கென்றே 'திகில் காமிக்ஸ்' என்று தனிப் பத்திரிகை பிறந்தது. அட்டையிலேயே அச்சத்தை விற்ற அந்தப் பத்திரிகையும் காலண்டர் ஊரிலிருந்துதான் வந்தது.

தொலைக்காட்சி வந்து வாசகர்கள் கலைந்தார்கள், இதழ்கள் தடுமாறின. 2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில், லயன் ஒரு சிறப்பிதழோடு திரும்பி வந்தது. இப்போது வந்தவை ஐரோப்பாவின் வண்ண ஆல்பங்கள், நல்ல தாள். கூடவே டைலன் டாக் வந்தான். 1986இல் இத்தாலியில் டிசியானோ ஸ்கிளாவி உருவாக்கிய பேய்த் துப்பறிவாளன் அவன். 2022இல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது.

இன்றைய பிள்ளைகளின் முதல் திகைப்பு பெரும்பாலும் திரையில் நேர்கிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலோடு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த வழியில் அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் உலகத்துக்குள் நுழைகிறவர்கள் ஒருநாள் 'மோனோநோகே'யில் போய் முட்டக்கூடும். 2007இல் கென்ஜி நகாமுரா இயக்கிய 12 பகுதித் தொடர் அது. மியாசாகி இயக்கிய 'இளவரசி மோனோநோகே' திரைப்படம் வேறு. முதல் கதையில், மழை இரவில் ஒரு கர்ப்பிணிப் பெண் சத்திரத்தில் அடைக்கலம் கேட்கிறாள். அவளுக்குக் கொடுக்கும் அறையில், பிறக்கவே விடப்படாத குழந்தைகளின் ஆவிகள் காத்திருக்கின்றன. இருட்டான கதை, ஆனால் திரையில் இருட்டே இல்லை. சுவரிலும் கதவிலும் உடையிலும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நெரிசலாய் மோதுகின்றன. ஒவ்வொரு காட்சியின் மேலும் ஜப்பானியக் கைத்தாளின் நார் தெரிகிறது. பழைய மரக்கட்டை ஓவியம் அசைந்து எழுந்ததுபோல் இருக்கிறது. பேயை விரட்ட வருகிற நாயகனுக்குப் பெயர் கிடையாது, மருந்து விற்பவன் என்று மட்டுமே சொல்வார்கள். பேயின் உருவத்தையும் நடந்த உண்மையையும் அதன் மனக்குறையையும் அறியும்வரை அவனுடைய வாள் உறையைவிட்டு வராது.

பழைய தீப்பெட்டி லேபிள் பார்த்த கண்ணுக்கு அந்தத் திரை அந்நியமாகத் தெரியாது. அடர்ந்த கோடு, தட்டையான நிறம், இடைவெளி விடாத பூவேலை. நூறு ஆண்டுக்கு முன்பு ஜப்பானிலிருந்து கிருஷ்ணன் படத்தோடு வந்திறங்கிய அதே மரபு, இப்போது பேயோடு வந்திருக்கிறது. பிளாஸ்கோ நிறத்தை விலக்கிப் பயத்தைக் கொண்டுவந்தார். நகாமுரா நிறத்தைக் கொட்டிக் கொண்டுவந்தார். இரண்டில் முதலாவதைத் தமிழுக்குக் கொடுத்தது, இரண்டாவதை அரை நூற்றாண்டு அச்சடித்துப் பழகியிருந்த ஊர்.

ஒவ்வொரு ஆடிப்பெருக்கன்றும் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டுத் திறக்கிறார்கள். மயில்மேல் முருகன், தாமரைமேல் லட்சுமி, முகத்தில் நிழல் விழாத அதே சாமிகள். அதே ஊரில் மாயாவியின் பழைய கதைகளையும் மறுபதிப்பாக அச்சிட்டுப் பார்சல் கட்டி அனுப்புகிறார்கள். இப்போது தாள் வெள்ளை, மை ஊறுவதில்லை, விளிம்பு கூர்மையாக நிற்கிறது. கறுப்பு முன்னைவிடக் கறுப்பாகவே விழுகிறது. அதன் நடுவில் அந்தக் கை மட்டும், உடம்பில்லாமல், விரலை மடக்கிக்கொண்டு நிற்கிறது.