அமைதியற்ற குழந்தைகள்: பரம்பரையின் பங்கும் சமூகத்தின் பங்கும்

1902 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலக் குழந்தை மருத்துவர், லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், புத்தியில் குறைவில்லாதிருந்தும் மனத்தை ஒருநிலைப்படுத்தவோ உந்துதலை அடக்கவோ இயலாத குழந்தைகள் சிலரை விஸ்தாரமாக வர்ணித்து, அவர்களுள் நல்ல வளர்ப்பில் வளர்ந்தவர்களும் இருப்பதால் பெற்றோரின் கண்டிப்பின்மையே இதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது என்று கருதினார். இன்று கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று வழங்கும் இந்நிலை, உலகக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவிகிதத்தினரிடம் காணப்படுவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. இதன் காரணம் பிறப்பா, வளர்ப்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒன்றின் பங்கு கூடினால் மற்றதன் பங்கு குறைந்தே தீரும் என்ற அநுமானத்தின்மீது அவ்விவாதம் நிற்கிறது; அந்த அநுமானமே பிழையானது என்பது என் துணிபு.

பரம்பரையின் பக்கம் உள்ள சான்று வலிமையானது என்பதில் ஐயமில்லை. மரபணுக்கள் யாவும் ஒத்த ஒருகரு இரட்டையரையும், சராசரியில் பாதியளவே ஒத்த இருகரு இரட்டையரையும் ஒப்பிட்ட 37 ஆய்வுகளின் சராசரிப்படி, இக்கோளாற்றின் மரபுவழிப் பங்கு 74 சதவிகிதம். ஆயின் இந்த எண், தனியொரு குழந்தையின் கோளாற்றில் முக்கால் பங்கைப் பெற்றோர் தந்தனர் என்று சொல்வதன்று. ஒரு ஜனத்தொகைக்குள் குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சம்பந்தப்பட்டது என்பதையே அது சொல்கிறது. அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை ஸ்வீடன், ஹாலந்து, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில், உணவும் பள்ளியும் பராமரிப்பாரும் ஓரளவேனும் வாய்த்த குழந்தைகளிடையே நடந்தவை. சூழ்நிலை அதிகம் வேறுபடாத இடத்தில் அதன் பங்கு சிறிதாகத் தோன்றுவது கணக்கின் இயல்பேயன்றிச் சூழ்நிலையின் வலிமையின்மை ஆகாது.

மரபணுக்களை நேரே துருவிய ஆராய்ச்சியும் ஆத்திரக்காரருக்கு இடந்தரவில்லை. இக்கோளாறுள்ள 38,691 பேரையும் இல்லாத 186,843 பேரையும் ஒப்பிட்டு 2023 இல் வெளிவந்த ஆய்வு, மரபுத்தொகுதியில் 27 இடங்களைச் சுட்டிற்று. ஒவ்வோர் இடமும் அபாயத்தைக் கூட்டுவது மிகச் சொற்பமே. 2010 இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர், இக்கோளாறுள்ள 366 குழந்தைகளுள் ஏறக்குறைய 16 சதவிகிதத்தினரிடம் நிறமூர்த்தத்தில் பெரிய விடுபாடோ இரட்டிப்போ இருப்பதையும், பிறரிடம் அது அதில் பாதியளவே என்பதையும் கண்டபோது, இது மரபுநோயென்று நிரூபணமாகிவிட்டதாகப் பேச்செழுந்தது. அக்குழந்தைகளுள் ஆறில் ஐந்து பங்கினரிடம் அம்மாற்றம் இல்லை என்பதை அப்பேச்சு மறைத்துவிட்டது.

சூழ்நிலை எல்லைமீறிக் கொடிதாகும்போது நேர்வதை ருமேனியா காட்டிற்று. சௌஷெஸ்குவின் ஆட்சி 1966 இல் கருக்கலைப்பைத் தடைசெய்தபின், வறுமையால் கைவிடப்பட்ட சிசுக்கள் அரசாங்க அநாதை விடுதிகளில் நிறைந்தனர். நாள் முழுதும் தொட்டிலிற் கிடந்து, விளையாட்டுப் பொருளின்றி, பேசுவாரின்றி, தன்னவள் என்று அடையாளம் காண ஒரு முகமுமின்றி வளர்ந்தனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி கவிழ, பிரிட்டிஷ் குடும்பங்கள் சுவீகாரம் எடுத்த குழந்தைகளுள் 165 பேரை மைக்கேல் ரட்டரும், அவருக்குப்பின் எட்மண்ட் சோனுகா-பார்க்கும் வாலிபப் பருவம்வரை தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதத்துக்குள் விடுதியினின்று மீண்டவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளை ஒத்திருந்தனர்; அதற்குமேல் தங்கியவர்கள் பலரிடமோ, அன்பும் வசதியும் நிறைந்த இல்லங்களில் ஆண்டுகள் பல கழிந்தும் கவனச்சிதறலும் மிகையியக்கமும் நீங்கவில்லை. விடுதிவாசம் எத்தனை மாதம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது ஓர் ஆட்சியின் வீழ்ச்சியேயன்றி அக்குழந்தையின் சுபாவமன்று. ஆதலால் இங்கே காரணத்தைப் பரம்பரையின் தலையில் ஏற்றுவது எளிதன்று. அவ்வாறு நெடிது தங்கியவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எப்பருவத்திலும் குறையொன்றும் இன்றித் தப்பினர் என்பது, ஒரே துன்பத்தை ஏற்கும் உடல்களும் மனங்களும் ஒன்றல்ல என்பதையும் உடன் காட்டுகிறது.

இதற்கு மாறாக, சமூகக் காரணமெனத் தோன்றுவது பரம்பரையின் வேஷமாகவும் இருக்கலாம். கர்ப்பிணி புகைபிடித்தால் குழந்தைக்கு இக்கோளாறு வரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அனிதா தாப்பரும் சகாக்களும் 2009 இல், செயற்கைக் கருத்தரிப்பில் தம் சொந்தக் கருமுட்டையால் கருவுற்ற தாயரையும், தானமாகப் பெற்ற கருமுட்டையால் கருவுற்ற தாயரையும் ஒப்பிட்டனர். புகையால் சிசுவின் எடை குறைவது இரு சாராரிடத்தும் காணப்பட்டது. மிகையியக்கத்தோடு உள்ள சம்பந்தமோ, குழந்தையோடு மரபுறவுள்ள தாயரிடத்தே மிகுந்திருந்தது. புகை சிசுவுக்குக் கேடு என்பது மாறவில்லை. ஆயினும் இக்கோளாற்றுக்காகத் தாயைக் குற்றவாளியாக்கும் வழக்கு வலுவிழந்தது. எத்தனை தாய்மார் இப்பழியைச் சுமந்தனர் என்று எண்ணும்போது இம்முடிவு சாதாரணமாகத் தோன்றவில்லை.

ஈயத்தின் விஷயம் வேறு. 1979 இல் ஹெர்பர்ட் நீடில்மன், மாசாச்சுஸெட்ஸ் மாநிலத்தின் செல்ஸி, சோமர்வில் நகரங்களில் குழந்தைகளிடமிருந்து உதிர்ந்த பாற்பற்களைத் திரட்டி அவற்றிலிருந்த ஈயத்தை அளந்தார்; பல்லில் ஈயம் ஏற ஏற, அதை அறியாத ஆசிரியர்கள் கவனமற்றவர் எனக் குறித்த குழந்தைகளின் வீதமும் படிப்படியாக ஏறிற்று. ஈயம் கலந்த பழைய சாயம் உரியும் வீட்டிலும், பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் வாகனப் புகை சூழ்ந்த தெருவிலும் வசித்தவர் பெரும்பாலும் ஏழைகளே ஆதலால், வறுமைக்கும் இக்கோளாற்றுக்கும் உள்ள தொடர்பில் ஒரு பகுதி இத்தகைய பொருள்வழிப்பட்டது. அதை அரசின் சட்டத்தால் அகற்ற முடியும்.

கோளாறு உண்டென்று தீர்மானிக்கும் செயலும் சமூகத்துக்கு அப்பாற்பட்டதன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், டிசம்பர் 31 ஐப் பள்ளிச்சேர்க்கையின் எல்லையாகக் கொண்ட வகுப்புகளில், ஜனவரியில் பிறந்தோரைவிட டிசம்பரில் பிறந்த ஆண்குழந்தைகள் 30 சதவிகிதமும் பெண்குழந்தைகள் 70 சதவிகிதமும் அதிகமாக இக்கோளாற்றுக்குரியவராகக் குறிக்கப்பட்டனர் என்று 2012 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வயதில் இளையது என்பதற்காகவே ஒரு குழந்தை நோயாளியாகக் குறிக்கப்படுமாயின், அக்குறிப்பையே நம்பிப் பரம்பரையைத் தேடும் ஆராய்ச்சியும் கலங்கிய நீரிலேயே துழாவுகிறது. ஆதலின் மருத்துவர் தம் ஏட்டில் பெற்றோரின் வரலாற்றுக்கு அருகே, குழந்தை பிறந்த மாதத்தையும், பிறந்தபோதிருந்த எடையையும், அது வசிக்கும் வீட்டின் சுவரிலும் தண்ணீர்க் குழாயிலும் ஈயம் உண்டா என்பது பற்றிய குறிப்பையும் எழுதுதல் வேண்டும்.