நம் கூரைச் சீற்றுகளின் கதை



முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கம் நம் மூத்தவர்கள் கிடுகுக் கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். பிறகுதான் ஓடும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் வந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களாகிய நாம் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனபோது, கூரையையும் விட்டுத்தான் போனோம். 2008 இறுதியில் நம் தமிழ் உறவுகள் இடம்பெயர்ந்தபோது பலர் கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். யுத்தம் முடிந்து திரும்பியபோது வளவெல்லாம் உடைந்த சீற்று. வெறுங்கையால் அள்ளினோம். பாதைக் குழிகளையும் அதனால் நிரப்பினோம்.

அந்தச் சாம்பல் நிறச் சீற்று, சீமெந்தோடு கல்நார் கலந்து செய்தது. முழுசாகக் கூரையில் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நெஞ்சுக்குள் போகிறது. அதாவது மேசன்மார், தச்சர்மார், கூரை போடும் பொடியன்கள். அவர்களின் தூசி படிந்த சேர்ட்டை உதறிக் கழுவும் வீட்டுப் பெண்களும்தான்.

இது புதுக் கதையல்ல. 1924இல் இங்கிலாந்தின் ரொச்டேலில், கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கேர்ஷோ 33 வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார். 1960இல் வாக்னர் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் தென்னாபிரிக்காவில் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயாளர் 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் மட்டுமே.

நம் நாடும் 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. நமக்குக் கல்நார் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு ஒன்று இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலைக்குத் தடை போட்டது. சில நாட்களிலேயே நம் அரசு கல்நார்த் தீர்மானத்தை நிறுத்தி வைத்தது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுதான் காரணம் என்று நம்ப நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

இந்த நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம் பிடிக்கும். 2010இல் வளவு துப்புரவாக்கியவர்களுக்கு அந்தக் காலம் 2030இல்தான் தொடங்குகிறது. பழைய சீற்றைக் கழற்றுவதானால் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, உடைக்காமல் இறக்குங்கள். விடாத இருமல், மூச்சுத்திணறல் என்று வைத்தியரிடம் போகிறவர்கள், அவர் கேட்காவிட்டாலும், மீள்குடியேறிய காலத்தில் செய்த வேலையைச் சொல்லுங்கள்.